செம்பனை தந்த சுடர்

அண்மையில் சிலாங்கூரில் நடைபெற்ற ஒரு திருமண விருந்தில், வந்தவர்களுக்கு வழக்கமாகத் தரும் தாம்பூலப் பைக்குப் பதிலாக ஒரு சிறு கண்ணாடிக் குவளையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். குவளை நிறைய வெண்ணிற மெழுகு; அதன் நடுவே பருத்தித் திரி; மூடியைத் திறந்தால் மல்லிகை மணம். அடியில் ஒட்டியிருந்த சிறு சீட்டில், இயற்கையான தாவர மெழுகினால் செய்யப்பட்டது என்று அச்சிட்டிருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த ஆசிரிய நண்பர் அதைப் படித்துவிட்டு, "மரத்திலிருந்து மெழுகு எடுக்கும் காலமும் வந்துவிட்டதா!" என்று வியந்தார்.

காலம் இப்போது வந்ததன்று. மிகப் பழங்காலத்திலேயே வந்து, இடையில் மறைந்து, மறுபடியும் வந்திருக்கிறது. அது போன வழியையும் திரும்பி வந்த வழியையும் தேடிப் பார்த்தால், அந்த வழி நாம் வாழும் இந்நாட்டின் செம்பனைத் தோட்டங்களின் ஊடாகவே செல்வதைக் காணலாம். குவளையின் அடியில் உள்ள சீட்டு சொல்லாத செய்தி அது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மெழுகு என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது பார்த்துவிடுவோம். இன்றைய வேதியியலார் மெழுகு வேறு, கொழுப்பு வேறு என்று பிரித்துச் சொல்வர். கொழுப்பு என்பது கிளிசரினோடு கொழுப்பமிலங்கள் சேர்ந்த பொருள். மெழுகோ, நீண்ட தொடர் கொண்ட ஆல்ககாலோடு அவ்வமிலங்கள் சேர்ந்தது. தேன்மெழுகும், பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகும் இந்த இலக்கணப்படி உண்மையான மெழுகுகள். தாவர மெழுகு என்று கடையில் விற்பவற்றில் பெரும்பாலானவை, கண்டிப்பாகச் சொன்னால், கெட்டிப்படுத்திய கொழுப்புகளே. ஆனால் தமிழ் இந்தப் பிரிவினையைப் பார்ப்பதில்லை. சித்த மருத்துவத்தில் இரசகந்தி மெழுகு என்று ஒரு மருந்து உண்டு. அதில் மெழுகு என்பது மருந்தின் பதத்தைக் குறிக்கும் பெயர். சுவாமிமலைச் சிற்பிகள் படிமம் வார்ப்பதற்குத் தேன்மெழுகோடு குங்கிலியத்தைக் கலந்து உருக்கி, அந்தக் கலவையையும் மெழுகு என்றே வழங்குகின்றனர். சூட்டில் இளகி, குளிரில் இறுகி, விரலுக்கு இசைந்து கொடுப்பது மெழுகு. தமிழுக்கு இவ்வளவே போதும். ஆகவே நாமும் இக்கட்டுரையில் அப்படியே வழங்குவோம்.

கீழ்த்திசையும் மேல்திசையும்

சீன நாட்டில் ஒரு மரம் உண்டு. அதன் விதையின் மேல் வெண்ணிறத்தில் கெட்டிக் கொழுப்பு படிந்திருக்கும். விதைகளை ஆவியில் அவித்து அக்கொழுப்பைப் பிரித்து மெழுகுவர்த்தி செய்வது சீனரின் தொன்றுதொட்ட தொழில். 1637-ஆம் ஆண்டில் சொங் யிங்சிங் என்னும் அறிஞர் எழுதிய 'தியான்கொங் கைவூ' என்ற தொழில்நுட்ப நூல், மெழுகுவர்த்திக்கு உரிய கொழுப்புகளுள் இம்மரத்தின் விதைக் கொழுப்பையே முதலில் வைத்துப் பேசுகிறது. இதன் விதைகளை 1772-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு அனுப்பியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். அவருடைய தந்தையார் மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்து பிழைத்தவர் என்பதை நினைத்தால் மகனுக்கு இம்மரத்தின் மேல் இருந்த ஆர்வம் விளங்கும். மரம் அங்கே மெழுகுத் தொழிலை வளர்க்கவில்லை. தான் மட்டும் வளர்ந்து பெருகி, இன்று தென் மாநிலங்களில் களையாக நிற்கிறது.

சப்பானியர் 'ஹாசெ' என்னும் மரத்தின் காயைப் பிழிந்து மெழுகு எடுத்தனர். எடோ ஆட்சிக் காலத்தில் மேற்குப் பகுதிச் சிற்றரசுகள் பலவற்றுக்கு இது பெரிய வருவாய். சிக்கோக்குத் தீவில் உள்ள உச்சிக்கோ என்னும் ஊரில் மெழுகு வணிகர் கட்டிய மாளிகைகளை இன்றும் காணலாம். சப்பானிய மெழுகுவர்த்தியின் திரி, காகிதக் குழலின் மேல் கோரையின் உட்சோற்றைச் சுற்றிச் செய்யப்படுவது; உருகிய மெழுகைக் கையால் அதன்மேல் பூசிப் பூசி, ஆண்டு வளையம் போல அடுக்கடுக்காக ஏற்றுவர். 1860-ஆம் ஆண்டு இறுதியில் இலண்டனில் மைக்கேல் பாரடே என்னும் விஞ்ஞானி சிறுவர்களுக்காக மெழுகுவர்த்தி ஒன்றையே பொருளாகக் கொண்டு ஆறு விரிவுரைகள் நிகழ்த்தினார். அவற்றின் தொடக்கத்திலேயே, நண்பர் ஒருவர் அனுப்பிய சப்பானிய மெழுகை எடுத்துக் காட்டியிருக்கிறார். மாணவர்க்கு அறிவியலைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் அந்த விரிவுரைகளை ஒரு முறையேனும் படிக்க வேண்டும்.

மணத்துக்கு வருவோம். வட அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் 'பேபெரி' என்னும் புதர்ச்செடி மணற்பாங்கான நிலத்தில் வளர்கிறது. மிளகு அளவுள்ள அதன் காயின்மேல் சாம்பல் பச்சை நிறத்தில் மெழுகு பூத்திருக்கும். காய்களைக் கொதிநீரில் இட்டால் மெழுகு உருகி மேலே மிதக்கும். ஆறியபின் வழித்து எடுக்கலாம். குடியேறிய ஐரோப்பியர் இதில் செய்த மெழுகுவர்த்தியில் மணப்பொருள் எதுவும் சேர்க்கவில்லை, மெழுகே மணத்தது. 1705-இல் வர்ஜீனியாவின் வரலாற்றை எழுதிய ராபர்ட் பெவர்லி ஒரு சுவையான செய்தியைக் குறித்திருக்கிறார்: நயம் அறிந்தவர்கள், அணையும் திரியிலிருந்து எழும் புகையின் மணத்துக்காகவே இந்த மெழுகுவர்த்தியை வேண்டுமென்று அணைப்பார்களாம். இத்தனைக்கும் ஒரு கைப்பிடி மெழுகுக்குக் கூடை கூடையாகக் காய் வேண்டும். லாங் ஐலண்டில் உள்ள ஓர் ஊரில், செப்டம்பர் 15-க்கு முன் காய் பறிப்போருக்குப் 15 ஷில்லிங் தண்டம் என்று 1687-இலேயே விதி செய்துவிட்டார்கள். காய் முற்றுமுன் பறித்து அனைவர்க்கும் இல்லாமல் ஆக்கிவிடுவோர் அக்காலத்திலும் இருந்தனர் போலும்.

கொழுப்பைப் பிரித்த அறிஞர்

ஐரோப்பாவில் செல்வர்க்கும் தேவாலயத்துக்கும் தேன்மெழுகு, ஏழைக்கு மாட்டுக் கொழுப்பு என்பது பல நூற்றாண்டுக் கால நியதி. கொழுப்பு மெழுகுவர்த்தி நாறும், புகையும், வெயிலில் வளையும். திரி கருகி நீண்டு சுடரை மங்கச் செய்வதால், அடிக்கடி கத்தரியால் கருக வேண்டும். இந்த இழிநிலையிலிருந்து மெழுகுவர்த்தியை மீட்டவர் மிஷல் செவ்ரூல் என்னும் பிரெஞ்சு வேதியியல் அறிஞர். 1811-ஆம் ஆண்டில் ஒரு சவர்க்காரத் துண்டைச் சோதிக்கத் தொடங்கியவர், பன்னிரண்டு ஆண்டுகள் அதே வேலையில் மூழ்கி, கொழுப்பு என்பது ஒரு தனிப்பொருளன்று, கிளிசரினும் பலவகை அமிலங்களும் சேர்ந்த கூட்டு என்று 1823-இல் நூல் எழுதி நிலைநாட்டினார். கிளிசரின் என்ற பெயரே அவர் இட்டது. அந்த அமிலங்களுள் சில எண்ணெய் போல நீர்த்திருக்கும். ஸ்டியரிக் அமிலம் போன்ற சில வெண்மையாகக் கெட்டிப்பட்டிருக்கும். நீர்த்ததைப் பிழிந்து நீக்கிக் கெட்டியானதை மட்டும் வார்த்தால், தேன்மெழுகுக்கு இணையான மெழுகுவர்த்தி கிடைக்கும்.

1825-இல் செவ்ரூல், கே-லுஸ்ஸாக் என்னும் மற்றோர் அறிஞருடன் சேர்ந்து இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அறிஞர் இருவராலும் கடை நடத்த முடியவில்லை. அதே ஆண்டில் கம்பசெரெஸ் என்பவர் பின்னல் திரியைக் கண்டுபிடித்தார். பின்னிய திரி எரியும்போது வளைந்து, நுனி சுடரின் ஓரத்துக்கு வந்து தானே சாம்பலாகிவிடும். கத்தரிக்கு வேலை இல்லை. இந்த இரண்டையும் இணைத்து, சுண்ணாம்பைக் கொண்டு செலவையும் குறைத்து, 1830-களில் பாரிசில் தொழிலை நிலைநிறுத்தியவர் டி மில்லி. செவ்ரூல் 102 வயது வரை வாழ்ந்து, தம் கண்டுபிடிப்பு உலகம் முழுவதும் ஒளிவீசியதைப் பார்த்துவிட்டே 1889-இல் மறைந்தார்.

அமிலத்தைப் பிரிக்கத் தெரிந்தபின் மாட்டைத்தான் நம்பியிருக்க வேண்டும் என்பதில்லை. எந்த எண்ணெயிலும் கெட்டிப் பகுதி ஓரளவு உண்டு. வெப்ப நாடுகளின் மரங்களில் அது மிகுதி. இங்கேதான் நம் கதையின் நடுப்பகுதி தொடங்குகிறது.

ஒரு மெழுகுவர்த்தியின் அறம்

1830-இல் வில்லியம் வில்சன், பெஞ்சமின் லங்காஸ்டர் என்னும் இருவர் இலண்டனில் மெழுகுவர்த்தித் தொழில் தொடங்கினர். அக்காலத்தில் மெழுகுவர்த்தி செய்வது கௌரவமான தொழிலாகக் கருதப்படவில்லை. ஆதலின் தம் பெயரை மறைத்து, 'எட்வர்ட் பிரைஸ்' என்ற பெயரில் நிறுவனத்தை நடத்தினர். அவர்கள் முதலில் நாடியது தேங்காய் எண்ணெயை. அதற்காக இலங்கையில் தென்னந்தோப்பும் வாங்கினார்கள். 1840-இல் விக்டோரியா அரசியாரின் திருமணத்தின்போது வீட்டுச் சன்னல்களில் ஏற்றுவதற்கென்று, கொழுப்பின் ஸ்டியரினையும் தேங்காய் எண்ணெயின் கெட்டிப் பகுதியையும் கலந்து, திரி கருகவேண்டாத மலிவான மெழுகுவர்த்தியை விற்றுப் பெயர் பெற்றனர்.

வில்லியம் வில்சனின் மகன் ஜார்ஜ் வில்சன் வேதியியலில் வல்லவர். மேற்கு ஆப்பிரிக்காவின் செம்பனை எண்ணெய் லிவர்ப்பூல் துறைமுகத்தில் வந்து குவிந்துகொண்டிருந்தது. செந்நிறமும் ஒருவித வாடையும் உடையது அது. சவர்க்காரத்துக்கும் எந்திரங்களுக்குப் பூசவுமே பயன்பட்டது. கந்தக அமிலத்தால் அதனைப் பக்குவம் செய்து, பின்பு ஆவியாக்கி வடித்தால், தூய வெண்ணிறக் கொழுப்பமிலம் கிடைக்கும் என்பதற்கு 1842-இல் காப்புரிமை பெற்றனர். சிவந்த எண்ணெய் வெள்ளை மெழுகாயிற்று. 1847-இல் நிறுவனம் பெரிதாகி, 'பிரைஸ் பேட்டன்ட் கேண்டில் கம்பெனி' ஆனது. 1853-இல் மெர்சி ஆற்றங்கரையில், எண்ணெய்க் கப்பல் வந்து நிற்கும் இடத்துக்கு அருகிலேயே பிராம்பரோ பூல் என்னும் இடத்தில் தொழிற்சாலையும் தொழிலாளர் குடியிருப்பும் கட்டத் தொடங்கினர். அந்த பத்தாண்டில் பிரிட்டன் இறக்குமதி செய்த செம்பனை எண்ணெய் ஆண்டுக்கு 30,000 டன்னைத் தாண்டியது.

இந்த மெழுகுவர்த்தியோடு ஓர் அறக்கருத்தும் விற்கப்பட்டது. பிரிட்டன் 1807-இல் அடிமை வாணிகத்தைத் தடைசெய்திருந்தபோதிலும், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அடிமைக் கப்பல்கள் புறப்படுவது நிற்கவில்லை. ஆப்பிரிக்க மன்னர்களுக்கு மனிதரை விற்பதைவிட எண்ணெய் விற்பது இலாபமாக இருந்தால் அடிமை வாணிகம் தானே ஒழியும் என்று தாமஸ் பக்ஸ்டன் முதலிய சீர்திருத்தவாதிகள் வாதிட்டனர். பிரைஸ் நிறுவனத்தார் இந்த வாதத்தைத் தம் விளம்பரத்தில் ஏற்றினார்கள். செம்பனை மெழுகுவர்த்தி வாங்குபவர் அடிமை வாணிகத்தை ஒடுக்கத் துணை செய்கிறார் என்பது அவர்கள் கூற்று. இலண்டனில் ஒரு குடும்பம் மாலையில் விளக்கேற்றும்போது, ஆப்பிரிக்காவில் ஒருவன் விலங்கிலிருந்து விடுபடுகிறான் என்ற நிறைவும் ஒளியோடு சேர்ந்து கிடைத்தது.

வில்சன் குடும்பத்தாரின் நோக்கத்தை நாம் ஐயுற வேண்டியதில்லை. அவர்கள் நல்லவர்கள். எண்ணெய் வாணிகம் வளர்ந்ததும், காலப்போக்கில் கடல்கடந்த அடிமை வாணிகம் நின்றதும் மெய்யே. ஆனால் ஆப்பிரிக்காவின் உள்ளே நடந்தது வேறு. செம்பனைக் குலையை வெட்டி, பழத்தை உதிர்த்து, அவித்து, மிதித்து, எண்ணெயைக் குடத்தில் நிரப்பி, ஆற்றுத்துறை வரையில் சுமந்து வருவதற்கு ஆட்கள் வேண்டும். பல இடங்களில் குடும்பத்தாரே, பெரும்பாலும் பெண்களே, அவ்வேலையைச் செய்தனர். எனினும் தகோமி நாட்டு மன்னர் கெசோ காலத்தில் அரசுக்கும் செல்வர்க்கும் உரிய செம்பனைத் தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகள். நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படகுகளுக்குத் துடுப்புப் போட்டவர்களும் அடிமைகள். கடல் கடந்து விற்கப்படாத மனிதன் கரையிலேயே நிறுத்தப்பட்டு, இலண்டன் மெழுகுவர்த்திக்காக உழைத்தான் என்று வரலாற்றாசிரியர்கள் இன்று எடுத்துக்காட்டுகிறார்கள். சன்னலில் எரிந்த சுடருக்கு இது தெரிய வழியில்லை.

அந்த எண்ணெய் ஆறுகளின் கதையை ஒரு மனிதர் வாழ்க்கையில் காணலாம். ஜாஜா என்பவர் சிறுவயதில் அடிமையாகப் பொன்னி என்னும் துறைமுகத்துக்கு விற்கப்பட்டவர். தம் திறமையால் அங்கே ஒரு வணிகக் குடும்பத்துக்கே தலைவரானார். உட்பூசலால் 1869-இல் பிரிந்து சென்று ஒப்போபோ என்னும் புதிய நகரை அமைத்து, உள்நாட்டு எண்ணெய் வரும் ஆற்று வழிகளைத் தம் கைக்குள் கொண்டுவந்தார். 1873-இல் பிரிட்டன் அவரை மன்னராக ஒப்புக்கொண்டது. பின்னர் அவர் பிரிட்டிஷ் வணிகர்களை உள்ளே விடாமல், எண்ணெயை நேரே லிவர்ப்பூலுக்கு அனுப்பத் துணிந்தார். 1887-இல் பேச்சுவார்த்தைக்கு என்று கப்பலுக்கு அழைத்து, அங்கேயே சிறைப்படுத்தி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு நாடுகடத்திவிட்டார்கள். திரும்பி வரும் வழியில் 1891-இல் டெனரீப் தீவில் உயிர் நீத்தார். எண்ணெய் விற்றால் மன்னனாக மதிப்போம் என்றவர்கள், விலையைத் தானே வைக்க முனைந்தபோது மன்னனைத் தூக்கிச் சென்றார்கள்.

இலண்டனிலும் உழைப்பு இருந்தது. பிரைஸ் தொழிற்சாலையில் திரி கோப்பதும் பெட்டியில் அடுக்குவதும் சிறுவர்களின் வேலை. 1840-களின் பிற்பகுதியில் சிறுவர் சிலர், நாள் வேலை முடிந்தபின் ஒரு மேசையின் பின்னால் ஒளிந்துகொண்டு, கணக்கர் அறையில் கேட்டுவாங்கிய தேய்ந்த பேனாக்களால் துண்டுத் தாள்களில் எழுதிப் பழகினார்களாம். மற்றொரு மகனான ஜேம்ஸ் வில்சன் இதனை அறிந்து, அவர்களுக்குப் புத்தகம் தந்து, நாளடைவில் தொழிற்சாலையிலேயே பள்ளி ஏற்படுத்தினார். அவரே இதைத் தம் அறிக்கையில் எழுதியிருக்கிறார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுத்த நம் மூத்த ஆசிரியர்களுக்கு அந்தச் சிறுவர்களின் முகம் பழக்கமானதாகவே இருக்கும்.

குவளை மெழுகுவர்த்தியின் பிறப்பையும் இந்த நிறுவனத்தின் பட்டறைக்கு அருகிலேயே காண்கிறோம். தேங்காய், செம்பனைக் கொழுப்புகள் மென்மையானவை. தனியே நிறுத்தினால் சூட்டில் சாய்ந்துவிடும். ஆகவே நோயாளி அறையிலும் குழந்தைகள் அறையிலும் இரவு முழுதும் எரியும் சிறு விளக்குகளாக, காகிதக் கூட்டிலோ கண்ணாடிக் குவளையிலோ இட்டு அவற்றைப் பயன்படுத்தினர். மெழுகு முழுதும் உருகினாலும் குவளை தாங்கிக்கொள்ளும். அழகுக்காக வந்ததன்று அக்குவளை. தாவரக் கொழுப்பின் மென்மைக்கு அது ஓர் ஊன்றுகோல்.

அதன்பின் வந்தது பாரபின். 1850-இல் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து பாரபின் எடுக்கக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் பிரைஸ் நிறுவனமே பர்மாவின் இரங்கூனிலிருந்து மண்ணெண்ணெயை வரவழைத்து அதில் பாரபின் பிரித்தது. பாறை எண்ணெயின் மெழுகு மலிவு, வெண்மை, மணமின்மை ஆகியவற்றால் மற்ற எல்லாவற்றையும் பின்தள்ளிவிட்டது. ஸ்டியரின், பாரபினைக் கெட்டிப்படுத்தும் துணைப்பொருளாகச் சுருங்கியது. மின்விளக்கு வந்தபின் மெழுகுவர்த்தியே பிறந்தநாளுக்கும் வழிபாட்டுக்கும் உரிய பொருளாயிற்று. தாவர மெழுகு மறைந்த வழி இது.

தென்னமரம் என்னும் தோட்டம்

செம்பனை மட்டும் மறையவில்லை. கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு நான்கே நான்கு செம்பனைக் கன்றுகள் வந்து சேர்ந்தன. இரண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து, இரண்டு இந்தியப் பெருங்கடல் தீவுகளின் வழியாக. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவின் டெலிப் பகுதியில் சாலையோர அழகு மரங்களாக நின்றன. 1911-இல் அங்கே தோட்டப்பயிர் ஆயின. அதே ஆண்டில் ஹென்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரர் டெலியிலிருந்து விதை கொண்டுவந்து சிலாங்கூரில் நட்டார். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் அவர் ஏற்படுத்தியதே இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம்.

அதன் பெயரைக் கவனிக்க வேண்டும். 'தென்னமரம்' தோட்டம்! உலகுக்குச் செம்பனை எண்ணெய் வழங்கிய ஒரு நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம், தமிழில் தென்னையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. யார் வாயிலிருந்து அச்சொல் வந்திருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போக்கோனியே எழுத்தாளரும் ஆவார். 'மலேசி' என்னும் அவருடைய நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றது. தோட்டத்துத் தமிழர்களும் அதில் நடமாடுகின்றனர். ஆனால் பரிசு பெற்ற நூலுக்கு ஆசிரியர் பெயர் உண்டு. காடு வெட்டிக் கன்று நட்டவர்க்கு நூலும் இல்லை, பெயரும் இல்லை.

பால்மரத்தின் விலை தளர்ந்தபோது செம்பனை பரவியது. 1961-இல் ஜொகூரில் பெல்டாவின் முதல் செம்பனைத் திட்டம் தொடங்கிற்று. 1966-இல் மலேசியா நைஜீரியாவை முந்தி, ஏற்றுமதியில் முதலிடம் பெற்றது. பின்னர் அவ்விடத்தை இந்தோனேசியா எடுத்துக்கொண்டது. இங்கே ஒரு சிறு செய்தி. ஆப்பிரிக்காவில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது ஒரு சிறு கூன்வண்டு. கன்று வந்தபோது வண்டு வரவில்லை. எனவே இந்நாட்டில் நெடுங்காலம் தொழிலாளர்கள், பெண்கள் உட்பட, மரம் மரமாகச் சென்று பெண்பூவின் மேல் மகரந்தப் பொடியைக் கையால் தூவிவந்தார்கள். 1981-இல் கெமரூன் நாட்டிலிருந்து அந்த வண்டைக் கொணர்ந்து ஜொகூரின் குளுவாங் பக்கத்தில் விட்டபின்னரே அவ்வேலை ஒழிந்தது. ஒரு வண்டின் வேலையை மனிதர் செய்து நாடு செழித்த காலமும் இருந்தது என்பதைப் பாடநூல்களில் ஒரு வரியாவது சேர்த்தால் நன்று.

1980-களுக்குப் பின் தோட்டங்கள் விற்கப்பட்டன, பல நகரங்களாயின. தமிழர் லயன்களை விட்டு வெளியேறினர். இந்தோனேசியரும், வங்காள தேசத்தவரும், நேப்பாளியரும் வந்தனர். 2020-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பு நடைபெறுவதாக ஐயுற்று, மலேசியாவின் இரு பெரிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் தன் துறைமுகங்களில் தடுத்தது. அவற்றுள் ஒன்றின் மீதிருந்த தடை, கடவுச்சீட்டு, ஆள்சேர்ப்புக் கட்டணம் முதலியவற்றில் சீர்திருத்தம் செய்தபின் 2023-இல் நீங்கியது. 1840-களில் மெழுகுவர்த்தி வாங்கியவர் பெற்ற நிறைவை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

திரும்பி வந்த மெழுகு

1991-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்பவர், விலை மிகுந்த தேன்மெழுகுக்கு மாற்றுத் தேடிப் பலவகை எண்ணெய்களைச் சோதித்துச் சோயா அவரை எண்ணெயில் வந்து நின்றார். சோயா எண்ணெய் இயல்பில் நீர்த்தது. அதனைக் கெட்டிப்படுத்த, நிக்கல் துணையோடு ஹைட்ரஜனை ஏற்ற வேண்டும். இம்முறைக்கு ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன் 1902-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். மார்கரினும் வனஸ்பதியும் அதன் பிள்ளைகள். ஆகவே தாவர மெழுகை இயற்கை என்று சொல்லும்போது, நடுவில் ஓர் ஆலை நிற்பதையும் மறக்கக்கூடாது. செம்பனைக்கு இத்துணைப் பாடு இல்லை. அதன் எண்ணெயில் ஏறக்குறைய 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலம். குளிரவைத்துப் பிரித்தாலே சமையலுக்கு ஒலியினும், மெழுகுக்கு ஸ்டியரினும் கிடைக்கும்.

இன்று வீட்டிலிருந்தே குவளை மெழுகுவர்த்தி செய்வோர் நம்மிடையே பலர், பெரும்பாலும் பெண்கள். திருமணக் குவளையைச் செய்த இளம்பெண்ணை விசாரித்து அறிந்து, அவர் வீட்டுக்குச் சென்று பார்த்தேன். "வாங்க ஐயா" என்று அழைத்து, அடுப்படியிலேயே எல்லாவற்றையும் காட்டினார். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரம் வைத்து மெழுகை உருக்குகிறார். 75 பாகை அளவு சூட்டில், மெழுகின் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு மணத்தைலம் சேர்த்து, இரண்டு நிமிடம் மெல்லக் கலக்குகிறார். குவளையின் நடுவில் தகட்டோடு திரியை ஒட்டி, நேராக நிற்கக் குச்சியால் பிடித்து, மெழுகு 60 பாகைக்கு ஆறியபின் ஊற்றுகிறார். உடனே ஏற்றக்கூடாதாம், சோயாக் கலவை இரண்டு வாரம் மூடி இருந்தால்தான் மணம் நன்கு பிடிக்கும். திரி சிறுத்தால் நடுவில் கிணறு போல் குழி விழும். பெருத்தால் குவளை சுடும். முதல் முறை ஏற்றும்போது, உருகிய மெழுகு குவளையின் ஓரத்தைத் தொடும் வரையில் அணைக்காதிருப்பது நல்லது என்றார்.

சில குவளைகளில் பனி படிந்தாற்போல் வெண்புள்ளிகள் தோன்றியிருந்தன. வாங்குவோர் பழுது என்று திருப்பித் தருகிறார்களாம். அது பழுதன்று. தாவரக் கொழுப்பு நாளடைவில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்வதன் அடையாளம். பாரபினில் அது தோன்றாது. கலப்பில்லாத செம்பனை மெழுகைச் சூடாக ஊற்றினால் இறகு விரித்தாற்போன்ற கோலங்கள் விழும். அவற்றை அழகென்று விற்கிறார்கள்! இரண்டும் ஒரே இயல்பின் இரண்டு தோற்றங்கள்தாம்.

மல்லிகை மணம் மல்லிகையிலிருந்து வந்ததா என்று கேட்டேன். சிரித்தார். உண்மையான மல்லிகைச் சாறு சேர்த்தால் ஒரு குவளையை நாம் வாங்க மாட்டோம். இது மணவேதியியலார் செய்த கலவை. எலுமிச்சைப்புல் தைலம் மட்டும் புல்லிலிருந்து வடித்தது, அது இங்கேயே கிடைக்கிறது என்றார். சீட்டில் இயற்கை என்றது மெழுகை மட்டுமே. படிப்பவர் மணத்தையும் சேர்த்துப் படித்துக்கொள்கிறார்.

மெழுகு எந்த மரத்தது என்பதற்கு, சோயாவும் செம்பனையும் கலந்தது என்று விடை சொன்னார். எந்தத் தோட்டத்துச் செம்பனை என்று கேட்டபோது, மெழுகு வந்த பையைப் புரட்டிப் பார்த்தார். எடையும், உருகும் சூடும், ஓர் எண்ணும் அதில் இருந்தன. வேறொன்றும் எழுதியிருக்கவில்லை. "பத்தாங் பெர்ஜுந்தையில் எங்கள் பாட்டி பழம் பொறுக்கியிருக்கிறார், ஐயா. அது போதாதா?" என்று சொல்லிவிட்டு, அடுத்த குவளைக்குத் திரி ஒட்டத் தொடங்கினார்.